பன்றி எருவும் கிணற்று நீரும்

நிலத்திற்கு இடப்படும் எருவிலுள்ள சத்துக்கள் அனைத்தும் பயிரைச் சென்று சேர்வதில்லை. அவற்றுள் ஒரு பகுதி காற்றில் கலந்து மறைகின்றது. ஒரு பகுதி மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. பிறிதொரு பகுதி மழைநீரில் கரைந்து, வேர்கள் எட்ட இயலாத ஆழத்திற்கு இறங்கி, முடிவில் நிலத்தடி நீருடன் கலந்துவிடுகின்றது. இம்மூன்றாவது இழப்பினைக் கசிந்திறங்கல் எனலாம். பயிருக்கு வேண்டிய சத்துக்களுள் இவ்வழியே மிகுதியாக இழக்கப்படுவது நைட்ரஜன் எனப்படும் தழைச்சத்தாகும்.

இவ்விழப்பினால் உழவருக்கு நேரும் தீங்கு இருவகைப்பட்டது. பயிருக்கென்று இட்ட சத்து பயிருக்குக் கிட்டாமற் போவது ஒன்று. அதே சத்து, அவருடைய குடும்பம் பருகும் கிணற்று நீரில் வேண்டாத பொருளாகத் தோன்றுவது மற்றொன்று. ஆகவே, எந்த எரு, எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் கசிந்திறங்கும் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டை ஒட்டி அமைந்துள்ள சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களின் மண்ணையும் மழையையும் கருத்திற் கொண்டு, பன்றி எருவைப் பற்றிய செய்திகள் இங்கு ஆராயப்படுகின்றன.

பன்றி வளர்ப்பும் எருவின் பெருக்கமும்

திருப்பதி, கால்நடை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஊராகும். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அடிப்படையாகக் கொண்டு 2005ஆம் ஆண்டில் ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970-71ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களுள் ஒன்று திருப்பதியில் இயங்கி வருகின்றது. பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் என்னும் அயல்நாட்டு இனத்தையும் உள்நாட்டுப் பன்றியையும் கலந்து, இப்பகுதியின் வெப்பத்தைத் தாங்கி விரைவில் வளரும் கலப்பினங்களை உருவாக்குவது இம்மையத்தின் பணிகளுள் முதன்மையானது.

உள்நாட்டுப் பன்றி ஊர்ப்புறங்களில் திரிந்து இரைதேடும் இயல்புடையது. அவ்வாறு திரியும் வரையில் அதன் சாணம் ஓரிடத்தில் சேர்வதில்லை. கலப்பினப் பன்றியோ கொட்டிலில் அடைத்து வளர்க்கப்படுவது. புரதம் மிகுந்த தீனி அதற்கு நாள்தோறும் கொடுக்கப்படுகின்றது. ஆகவே சாணமும் சிறுநீரும் கொட்டிலிலேயே குவிகின்றன. இறைச்சி உற்பத்தி பெருகுந்தோறும் எருவும் பெருகுகின்றது. அதனை எங்கே, எவ்வாறு பயன்படுத்துவது என்ற வினாவும் உடன் எழுகின்றது.

ஒரு பன்றி கழிக்கும் தழைச்சத்தை எளிய கணக்கொன்றினால் அறியலாம். வளரும் பன்றி ஒன்று நாளொன்றுக்கு 2 கிலோ தீனி உண்பதாகவும், அத்தீனியில் 16 சதவிகிதம் புரதம் இருப்பதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் அது உட்கொள்ளும் புரதம் 320 கிராம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் ஆதலால், 320 கிராம் புரதத்தில் சுமார் 51 கிராம் நைட்ரஜன் அடங்கியிருக்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பன்றியின் தசையாக மாறுகின்றது. எஞ்சிய 34 கிராம் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகின்றது. பத்துப் பன்றிகள் எப்பொழுதும் இருக்குமாறு வளர்க்கப்படும் கொட்டிலில் ஓராண்டில் சேரும் நைட்ரஜன் சுமார் 124 கிலோ ஆகும். இது 45 கிலோ எடையுள்ள யூரியா மூட்டைகள் ஆறில் அடங்கியுள்ள தழைச்சத்திற்குச் சமமானது. சிறு கொட்டிலும் ஓர் உரக்கிடங்கே என்பது இதனால் விளங்கும்.

பன்றி எருவின் இயல்பு

மாட்டுச் சாணமும் பன்றி எருவும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இயல்பில் வேறுபட்டவை. மாடு புல்லையும் வைக்கோலையும் உண்கின்றது. அதன் சாணத்தில் செரிக்காத நார்ப்பொருள் மிகுதி. ஆகவே கரிப்பொருளும் மிகுதி. பன்றி தானியத்தையும் பிண்ணாக்கையும் உண்பதால் அதன் சாணத்தில் நார் குறைவு. நைட்ரஜன் செறிவு அதிகம். பன்றியின் புதிய சாணத்தில் ஏறத்தாழ 0.6 சதவிகிதம் நைட்ரஜன் உண்டு. அதாவது ஒரு டன் சாணத்தில் சுமார் 6 கிலோ.

எனினும் முதன்மையான வேறுபாடு சிறுநீரில் அமைந்துள்ளது. பன்றி கழிக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேற்பட்ட பகுதி சிறுநீரில் யூரியாவாக வெளிப்படுகின்றது. கடையில் விற்கப்படும் யூரியாவும் இதுவும் வேதியியல் முறையில் ஒரே பொருளாகும். சாணத்திலுள்ள யூரியேஸ் என்னும் நொதி சிறுநீருடன் கலந்தவுடன் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றிவிடுகின்றது. கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அம்மோனியாவினால் உண்டாவதே.

ஆகவே பன்றிக் கொட்டிலைக் கழுவிய குழம்பினை ‘இயற்கை எரு’ என்று மட்டும் கருதி, மெல்ல மெல்லப் பயன்தரும் தொழுவுரத்தைப் போலக் கையாளுதல் பொருந்தாது. அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி விரைவில் செயற்படும் இயல்புடையது. ‘இயற்கை எரு எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை’ என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உண்டு. பன்றி எருவைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணத்திற்கு ஆதாரமில்லை.

மண்ணில் நிகழும் மாற்றங்கள்

நிலத்தில் இடப்பட்ட எருவிலுள்ள அம்மோனியா, மண்ணின் ஈரத்தில் கரைந்து அம்மோனிய அயனியாகின்றது. இவ்வயனி நேர்மின்னூட்டம் உடையது. களிமண் துகள்களோ எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே அம்மோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்கின்றது. மழை பெய்யினும் அது எளிதில் இடம்பெயர்வதில்லை.

ஆனால் இந்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் உயிர்களால் நிகழ்வதே என்பதைப் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும் 1877ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து அவற்றின் இயல்பை 1890ஆம் ஆண்டளவில் விளக்கியவர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி ஆவார். ஈரமும் காற்றோட்டமும் உள்ள வெதுவெதுப்பான மண் இவ்வுயிர்களுக்கு ஏற்றது. குளிர்நாடுகளில் பல வாரங்கள் பிடிக்கும் இம்மாற்றம், நம் நாட்டு வெப்பநிலையில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் நிறைவேறிவிடுகின்றது.

நைட்ரேட்டு எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே களிமண் அதனைப் பற்றுவதில்லை. அது நீரில் முற்றிலும் கரையக்கூடியது. நீர் செல்லும் வழியே அதுவும் செல்லும். பயிரின் வேர்கள் அதனை விரும்பி உறிஞ்சுகின்றன; வேர்கள் இல்லாதவிடத்து அது மழைநீருடன் கீழே இறங்குகின்றது. நைட்ரேட்டு வடிவம் பயிருக்கு மிக எளிதில் கிட்டுவது. மண்ணைவிட்டு மிக எளிதில் நீங்குவதும் அதுவே.

இவ்விழப்பை நேரில் அளந்தறியும் முயற்சி இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1870ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. லாஸ், கில்பர்ட் ஆகியோர் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள மண்பாளங்களை, 20, 40, 60 அங்குல ஆழங்களில் கலைக்காமல் சுவரிட்டுத் தனிப்படுத்தி, அவற்றின் வழியே வடியும் நீரைக் கீழிருந்து சேகரித்தனர். எருவும் இடாமல், பயிரும் வைக்காமல் விடப்பட்ட அம்மண்ணிலிருந்தும் ஆண்டுதோறும் நைட்ரேட்டு வடிந்துகொண்டே இருந்தது. மண்ணிலுள்ள மக்குப்பொருள் தானாகவே சிதைந்து நைட்ரேட்டை வெளியிடுகின்றது என்பதும், வேர்கள் இல்லாத நிலம் அதனைக் காத்துக்கொள்ளாது என்பதும் இதனால் தெளிவாயின.

செம்மண்ணும் இருபருவ மழையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி செம்மண்ணாகும். கருங்கல்லும் அதனையொத்த பாறைகளும் சிதைந்து உண்டான இம்மண்ணில் மணற்பாங்கு மிகுதி, மக்குப்பொருள் குறைவு. இதிலுள்ள களிமண்ணும் சத்துக்களைப் பற்றும் ஆற்றல் குறைந்த வகையைச் சார்ந்தது. மேல்மண்ணின் ஆழமும் பலவிடங்களில் குறைவே. சந்திரகிரி, திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாகச் செல்லும் சுவர்ணமுகி ஆற்றின் இரு கரைகளிலும் மணல் கலந்த வண்டல் காணப்படுகின்றது. இவ்விருவகை நிலங்களிலும் நீர் விரைவில் கீழிறங்கும்.

மண்ணிற்கு அடியில் சிதைந்த பாறையும், அதன் கீழ் வெடிப்புகள் நிறைந்த கடினப் பாறையும் உள்ளன. பழைய திறந்த கிணறுகள் சிதைந்த பாறையில் ஊறும் நீரையும், இன்றைய ஆழ்துளைக் கிணறுகள் வெடிப்புகளில் தேங்கிய நீரையும் நம்பியிருக்கின்றன. வெடிப்பு வழியே இறங்கும் நீர் மணற்படுகையில் வடிகட்டப்படுவதுபோல் மெல்ல இறங்குவதில்லை. அது கரைத்துக்கொண்டு வந்த பொருளுடன் விரைந்து கிணற்றை அடைகின்றது.

இப்பகுதியின் ஆண்டு மழையளவு சுமார் 900 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. தென்மேற்குப் பருவமழை பல மாதங்களில் சிறு சிறு தூறலாகவும் இடைவெளியுடனும் பெய்வது. வடகிழக்குப் பருவமழையோ வங்கக் கடலில் தோன்றும் புயலையும் காற்றழுத்தத் தாழ்வு நிலையையும் சார்ந்து சில நாட்களிலேயே கொட்டித் தீர்ப்பது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருப்பதியும் அதன் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் மூழ்கியதும், சுவர்ணமுகி கரைபுரண்டதும் இதற்கு அண்மைக்காலச் சான்றாகும்.

இம்மழையமைப்பையும் நிலக்கடலைச் சாகுபடியையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மானாவாரி நிலக்கடலை ஜூன், ஜூலை மாதங்களில் விதைக்கப்பட்டு, அக்டோபர், நவம்பரில் பிடுங்கப்படுகின்றது. கோடையில் இட்ட எருவிலிருந்து உண்டான நைட்ரேட்டில் பயிர் எடுத்தது போக எஞ்சியது அப்போது மண்ணில் இருக்கும். வேர்கள் நீங்கி, நிலம் கலைக்கப்பட்டு, வெறுமையாகக் கிடக்கும் அதே வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கின்றது. நைட்ரேட்டைப் பிடிக்க வேரில்லாத காலமும், அதனை இறக்கும் மழை மிகுந்த காலமும் ஒன்றாக அமைவதே இப்பகுதியின் இடர்ப்பாடாகும்.

எவ்வளவு ஆழம்? எவ்வளவு மாசு?

மணற்பாங்கான செம்மண் நன்கு நனைந்து வடிந்த நிலையில் அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர் தங்கியிருக்கும். அதாவது 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்ணில் 20 மில்லிமீட்டர் நீர் அடங்கும். புதிதாகப் பெய்த மழைநீர் பழைய நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. எனவே மண் முன்பே நனைந்திருக்கும்போது 50 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளிறங்குமாயின், நைட்ரேட்டு சுமார் 25 சென்டிமீட்டர் கீழே தள்ளப்படும். அத்தகைய மூன்று மழைகளில் அது 75 சென்டிமீட்டர் ஆழத்தை அடைந்துவிடும். நிலக்கடலை, தக்காளி போன்ற பயிர்களின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அதற்கு மேலேயே அமைந்திருப்பதால், அந்நைட்ரேட்டு இனிப் பயிருக்கு எட்டாது.

இவ்வாறு இறங்கும் நைட்ரஜனால் நிலத்தடி நீர் எவ்வளவு மாசுபடும் என்பதையும் கணக்கிடலாம். ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து ஓராண்டில் 100 மில்லிமீட்டர் நீர் நிலத்தடியைச் சென்றடைவதாகக் கொள்வோம். அது 10 இலட்சம் லிட்டர் ஆகும். அந்நீருடன் 10 கிலோ நைட்ரஜன் இறங்கினால், ஒவ்வொரு லிட்டரிலும் 10 மில்லிகிராம் நைட்ரஜன் கலந்திருக்கும். அதனை நைட்ரேட்டு அளவாக மாற்றினால் 44 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் அனுமதித்துள்ள உச்ச அளவோ லிட்டருக்கு 45 மில்லிகிராம். வேறு நீர்வழி இல்லை என்ற காரணத்தாலும் இவ்வளவினைத் தளர்த்த இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50 மில்லிகிராம்.

10 கிலோ நைட்ரஜன் என்பது சுமார் 22 கிலோ யூரியாவில் அடங்கியது; அரை மூட்டையே. இவ்வளவு சிறிய இழப்பு ஒரு ஹெக்டேருக்கு அடியிலுள்ள புதுநீரைக் குடிநீர் வரம்பின் விளிம்பிற்குக் கொண்டுவந்துவிடும். இழப்பு இரட்டித்தால் நீர் குடிப்பதற்குத் தகுதியற்றதாகும்.

இனி, எரு எவ்வளவு இடப்படுகின்றது என்பதைக் காண்போம். ஒரு டிராக்டர் வண்டியில் 3 டன் பன்றிச் சாணம் ஏற்றப்படுவதாகக் கொண்டால், ஏக்கருக்கு ஐந்து வண்டி அடிக்கும்போது 15 டன் சாணமும் 90 கிலோ நைட்ரஜனும் நிலத்தைச் சேர்கின்றன. இது ஹெக்டேருக்கு 220 கிலோவிற்கு மேற்பட்டது. நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்தோ ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ அளவினதே. ஏனெனில் அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பெற்றுத் தருகின்றன. ஐந்து வண்டி எருவிலுள்ள சத்தில் ஒரு பகுதி காற்றில் கலந்தாலும், ஒரு பகுதி மண்ணில் மெல்ல மக்குவதாயினும், எஞ்சுவது நிலக்கடலையின் தேவையைப் பன்மடங்கு விஞ்சியதாகும். அம்மிகையே வடகிழக்குப் பருவமழையில் கிணற்றை நோக்கிச் செல்கின்றது.

நைட்ரேட்டும் உடல்நலமும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கலந்து ஊட்டப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைக் கண்ட மருத்துவர் ஹன்ட்டர் காம்லி, அந்நீரிலிருந்த நைட்ரேட்டே காரணம் என்று 1945ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். குடலில் நைட்ரேட்டு நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினை அது மெத்தெமோகுளோபின் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. இப்பொருளால் உயிர்வளியைச் சுமக்க இயலாது. வளர்ந்தோரின் உடல் இதனை மீண்டும் சீர்செய்துகொள்ளும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு அவ்வாற்றல் போதாது. குறிப்பாக, வயிற்றுப்போக்கும் உடன் சேர்ந்த குழந்தைகளுக்கு இடர் மிகுதி.

இங்கு ஒரு செய்தியை வலியுறுத்துதல் வேண்டும். நீரைக் காய்ச்சுவதனால் நோய்க்கிருமிகள் ஒழியும், நைட்ரேட்டு ஒழியாது. கொதித்து நீர் சுண்டுந்தோறும் நைட்ரேட்டின் செறிவு சற்றே கூடும். நைட்ரேட்டு கலந்த நீருக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லையாதலால், ஆய்வுக்கூடச் சோதனையின்றி அதனை அறிய இயலாது. தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இத்தீங்கு அணுகுவதில்லை.

நிலத்தடி நீரில் நைட்ரேட்டு வரம்பு மீறிய இடங்களைக் கொண்ட மாவட்டங்களாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறித்துள்ளவற்றுள் சித்தூரும் ஒன்றாகும். இதற்குப் பன்றி எரு ஒன்றே காரணம் என்று கூறுதல் தவறு. இரசாயன உரங்களின் மிகை, ஊர்க் கழிவுநீர், கழிப்பறைக் குழிகள், மாட்டுத் தொழுவங்கள் ஆகிய யாவும் இதில் பங்குகொள்கின்றன. எனினும், ஏற்கெனவே வரம்பை நெருங்கிய கிணற்றில் மேலும் சேர்வது எதுவாயினும் அதனைக் குறைத்தல் அறிவுடைமையாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிக்கலை நன்கு உணர்ந்த நாடு நெதர்லாந்து. அந்நாட்டின் தெற்கு, கிழக்குப் பகுதிகளிலுள்ள மணற்பாங்கான நிலங்களில் வெளிநாட்டுத் தீனியைக் கொண்டு பன்றிப் பண்ணைகள் பெருகின. எருவை ஏற்கும் நிலப்பரப்போ பெருகவில்லை. இதன் விளைவாகப் பன்றி, கோழிப் பண்ணைகளின் விரிவாக்கத்தை 1984ஆம் ஆண்டில் அரசு சட்டத்தினால் கட்டுப்படுத்த நேர்ந்தது. 1991ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட நைட்ரேட்டு ஆணை, மாசுக்கு இடமான பகுதிகளில் கால்நடை எருவின் வழியாக ஓராண்டில் ஒரு ஹெக்டேருக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் இடலாகாது என்று வரையறுத்தது. எரு இடத்தகாத மாதங்களுக்கென எருவைச் சேமித்து வைக்கும் தொட்டிகளையும் பண்ணைகள் அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்நாடுகளில் தடைசெய்யப்பட்ட பருவம் குளிர்காலம். சித்தூர்ப் பகுதியில் அதற்கு ஒப்பான பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களாகும். மாதங்கள் வேறுபடினும், பயிர் உறிஞ்சாத காலத்தில் எரு இடலாகாது என்ற நெறி ஒன்றே.

எங்கே, எப்போது, எவ்வளவு?

மேற்கூறிய உண்மைகளிலிருந்து உழவர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவதாக, எரு மிகுதியாக உள்ளவர் தழைச்சத்தை மிகுதியாக வேண்டும் பயிரைத் தேர்தல் வேண்டும். கரும்பு ஹெக்டேருக்கு 200 கிலோவிற்கும் மேற்பட்ட தழைச்சத்தை ஏற்கும். நேப்பியர் போன்ற தீவனப் புற்கள் ஆண்டு முழுவதும் வேருடன் நின்று, ஒவ்வொரு அறுப்பிற்குப் பின்னும் புதிய சத்தை உறிஞ்சும். பத்துப் பன்றிகளின் எருவில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன் காற்றில் கலந்துவிடுவதாகக் கொண்டால் எஞ்சுவது சுமார் 80 கிலோ. இதனைக் கரும்பிற்கு இட ஓர் ஏக்கர் போதும். நிலக்கடலைக்கே இடுவதாயின் எட்டு ஏக்கர் வேண்டும். எட்டு ஏக்கருக்குரியதை ஓர் ஏக்கர் கடலையில் கொட்டுவதே தவறு.

இரண்டாவதாக, எருவைப் பகுதி பகுதியாக இடுதல் நன்று. வேர்விட்டு வளரும் பயிருக்கு, ஒரே முறையில் இடுவதைக் காட்டிலும் மும்முறையாகப் பிரித்து இட்டால், எந்த ஒரு மழைக்கும் இரையாகும் அளவு குறையும்.

மூன்றாவதாக, புயல், கனமழை அறிவிப்பு உள்ள நாட்களிலும், அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் நிலத்திலும் பன்றி எரு இடலாகாது. நிலக்கடலை பிடுங்கிய நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு கொள்ளோ சோளமோ விதைத்தால், அவற்றின் வேர்கள் மண்ணில் எஞ்சியுள்ள நைட்ரேட்டைப் பற்றிக்கொள்ளும்; அது தீவனமாக மீண்டும் கால்நடையைச் சேரும்.

நான்காவதாக, இட்ட எருவை உடனே மண்ணுடன் கலந்துவிடுதல் வேண்டும். மேற்பரப்பில் வெயிலில் கிடக்கும் எருவிலிருந்து அம்மோனியா ஓரிரு நாட்களிலேயே பெருமளவில் பறந்துவிடும். மண்ணில் காப்பாற்றப்பட்ட இந்த அம்மோனியாவையும் கணக்கில் சேர்த்து எருவின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் காற்றுக்குத் தப்பியது கிணற்றைச் சேரும்.

ஐந்தாவதாக, கிணற்றிற்கு அருகிலும், கிணற்றை நோக்கிச் சரிந்த மேட்டிலும் எருக்குழியோ கழுநீர்க் குட்டையோ அமைத்தல் ஆகாது. வயல் முழுவதும் பரவிய எருவைக் காட்டிலும், அடித்தளமிடாத ஒரே குழியில் ஆண்டுக்கணக்கில் தேங்கும் குழம்பு அருகிலுள்ள கிணற்றிற்குப் பெருந்தீங்கு விளைக்கும். குழியின் அடியும் பக்கமும் சிமெண்டு பூசப்பட்டு, மழைநீர் புகாவண்ணம் மேலே கூரையும் இருத்தல் வேண்டும்.

ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் களிப்பாங்கான நிலங்களின் நிலை சற்று வேறு. சேறாக்கப்பட்ட வயலில் நீர் மெல்லவே கீழிறங்கும். காற்றில்லாத சேற்றில் அம்மோனியம் நைட்ரேட்டாவதும் குறைவு. ஆகவே கசிந்திறங்கும் இழப்பு அங்குச் சிறியது. எனினும், வயல் காய்ந்து மீண்டும் நனையும்போது உண்டாகும் நைட்ரேட்டு, நுண்ணுயிர்களால் வாயுவாக மாறிக் காற்றில் வீணாகும்.

மக்கவைத்தலின் பயன்

எருவிலுள்ள நைட்ரஜனை மெல்லச் செயற்படுமாறு மாற்றும் வழியும் உண்டு. அதுவே கம்போஸ்ட் முறையில் மக்கவைத்தல். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாக இந்தூர் முறை உருவானது. தாவரக் கழிவும் கால்நடைக் கழிவும் தக்க விகிதத்தில் சேர்ந்தாலன்றி நல்ல மக்கு எரு கிட்டாது என்பது இம்முறையின் அடிப்படை. கரிப்பொருள் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் உள்ள கலவை இதற்கு ஏற்றது. பன்றி எருவில் நைட்ரஜன் மிகுதி. சித்தூர்ப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் கரும்புத் தோகை, நிலக்கடலைத் தொலி, வைக்கோல், மாஞ்சருகு ஆகியவற்றில் கரிப்பொருள் மிகுதி. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது.

இவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, சில முறை புரட்டிவிட்டால், குவியலில் வெப்பம் 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்கின்றது. வட்டப்புழுவின் முட்டைகளும் நோய்க்கிருமிகளும் அவ்வெப்பத்தில் அழிகின்றன. தக்காளி போன்று பச்சையாக உண்ணப்படும் காய்கறிகளுக்குப் புதிய பன்றி எருவை இடுவது தகாது. மக்கவைத்தே இடுதல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை உண்டு தம் உடலாக மாற்றிக்கொள்வதால், நைட்ரஜன் கரையா வடிவில் கட்டுண்டு, பின்னர் சிறிது சிறிதாகவே வெளிப்படும்.

சாண எரிவாயுக் கலம் பற்றியும் ஒரு சொல். எரிவாயுவாக வெளியேறுவது கரிப்பொருளே. நைட்ரஜன் முழுவதும் குழம்பிலேயே தங்கிவிடுகின்றது. அக்குழம்பில் அம்மோனியத்தின் பங்கு முன்னிலும் கூடியிருக்கும். ஆகவே கலத்திலிருந்து வெளிவரும் குழம்பு சத்தற்றது என்றெண்ணி வாய்க்காலில் விடுவதும், கட்டுப்பாடின்றி வயலில் பாய்ச்சுவதும் பிழையாகும்.

கிணற்று நீரைச் சோதித்தல்

கிணற்று நீரை ஆண்டிற்கு இருமுறை, கோடையிறுதியிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரும், அரசின் நீர்ச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பி நைட்ரேட்டின் அளவை அறிந்துகொள்ளுதல் நலம். மழைக்குப் பின் அளவு கூடியிருப்பின், மேற்பரப்பிலிருந்து அண்மையில் கசிந்து வந்ததென்று ஐயுறலாம்.

இச்சோதனை பயிருக்கும் பயன்படும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டு உள்ள நீரை ஒரு பயிருக்கு மொத்தம் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், அந்நீரின் வழியாகவே ஹெக்டேருக்குச் சுமார் 50 கிலோ நைட்ரஜன் நிலத்தைச் சேர்கின்றது. அவ்வளவிற்கு எருவையும் உரத்தையும் குறைத்துக்கொள்ளலாம். கிணற்றில் இறங்கிய சத்தைப் பயிரின் வழியே மீட்டெடுக்கும் முறை இது. ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவந்தால் செலவும் குறையும். நீரும் காலப்போக்கில் தெளியும்.

முடிவுரை

பன்றி எரு வளம் மிக்கது, விரைந்து செயற்படுவது. அவ்விரைவே அதன் சிறப்பும் இடரும் ஆகும். மணற்பாங்கான செம்மண்ணும், சில நாட்களில் கொட்டும் ஐப்பசி, கார்த்திகை மழையும், வெடிப்புப் பாறையில் அமைந்த கிணறுகளும் உள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில், எருவின் அளவை வண்டிக் கணக்கில் முடிவு செய்வது போதாது. பயிரின் தேவையையும் மழையின் பருவத்தையும் கொண்டு முடிவு செய்தல் வேண்டும். வேர் உறிஞ்சும் காலத்தில், வேர் உறிஞ்சும் அளவில் இடப்படும் எரு விளைச்சலாகத் திரும்பும். மிகையாக இடப்பட்ட எருவும் திரும்பி வரவே செய்யும். அது திரும்பும் இடம் குடிநீர்க் குடமாகும்.